உயரம் மட்டும் போதுமா?

உயரே செல்லச் செல்லக் குளிர் கூடும். கிலோமீட்டருக்குச் சுமார் 6.5 டிகிரி சென்டிகிரேடு வெப்பம் குறையும். மலை நகரங்களைப் பற்றிப் பேசும் பாட நூல்களும் பொது அறிவு நூல்களும் பெரும்பாலும் இந்த விதியோடு நின்றுவிடுகின்றன. அடுத்து ஓர் அட்டவணை: நகரின் பெயர், உயரம், ஆண்டுச் சராசரி வெப்பநிலை. விதி பொய்யன்று; ஆனால் பாதி உண்மையே.

இரண்டு நகரங்களை எடுத்துக்கொள்வோம். லடாக்கின் லே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. தென் அமெரிக்காவில் பெரு நாட்டின் குஸ்கோ நகரம் சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் உள்ளது. விதியை மட்டும் நம்பினால் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே குளிர் இருக்க வேண்டும். உண்மை என்ன? லே நகரில் ஜனவரியின் சராசரி உறைநிலைக்கு வெகு கீழே. ஜூலைப் பகலிலோ 25 டிகிரியைத் தொடுகிறது. குஸ்கோவில் மிகக் குளிர்ந்த மாதத்துக்கும் மிக வெப்பமான மாதத்துக்கும் இடையே சராசரியில் நான்கைந்து டிகிரிக்கு மேல் வேறுபாடில்லை.

முதற் காரணம் அட்சரேகை. குளிர்காலத்தின் மிகக் குறுகிய பகலில், நண்பகல் சூரியன் குஸ்கோவில் அடிவானுக்கு மேல் 53 பாகையில் நிற்கிறது. லே நகரில் 32 பாகையில்தான். சாய்ந்து விழும் கதிர் அதிகப் பரப்பில் பரவுவதால் சூடு குறைகிறது.

அப்படியானால் குஸ்கோவில் குளிரே இல்லையா? இருக்கிறது, இரவில்! ஜூன், ஜூலையில் பகலில் சுமார் 20 டிகிரி. பின்னிரவிலோ உறைநிலையை ஒட்டி வந்துவிடும். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். மெல்லிய, வறண்ட காற்றில் நீராவி குறைவு; ஆகவே தரை வெளியிடும் வெப்பம் எளிதில் வானவெளிக்குத் தப்பிவிடுகிறது. ஆண்டுச் சராசரி என்ற ஒற்றை எண் இதையெல்லாம் மறைத்துவிடுகிறது.

மழையிலும் இதே குறைதான். இமயமலை பருவக்காற்றைத் தடுப்பதால் லே நகரில் ஆண்டு மழை சுமார் 100 மில்லிமீட்டரே. மண் சுவரும் தட்டையான மண் கூரையும் அதற்கு ஏற்றவை. ஆனால் 2010 ஆகஸ்டு 5ஆம் தேதி இரவு கொட்டிய மழையும் சேற்று வெள்ளமும் இருநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயின. சராசரியைப் பார்த்து வீடு கட்டலாம். உச்சத்தைப் பார்க்காமல் கட்டக் கூடாது.

ஆகவே நூலாசிரியர்கள் தங்கள் அட்டவணையில் அட்சரேகை, மாத வேறுபாடு, பகலிரவு வேறுபாடு, ஒரே நாளில் பெய்த உச்ச மழை ஆகியவற்றையும் சேர்க்க வேண்டும். அதுவரை, மாணவர்களே, உயரத்தை மட்டும் சொல்லும் அட்டவணையைக் கண்டால் மற்றவை எங்கே என்று கேளுங்கள்.