நடுச்சுவரில் நின்ற பென்சில்

ஓவியர் சனாதனனின் ‘இன்கம்ப்ளீட் தோம்பு’ நூல் என்றதும் எல்லோரும் பாஸ்டல் ஓவியங்களுக்கே ஓடுகிறார்கள். நான் அவற்றைச் சீக்கிரம் புரட்டிவிடுகிறவன். இடம்பெயர்ந்தவர், விட்டுவந்த வீட்டை நினைவிலிருந்து தன் கையாலேயே போட்டுத் தந்த வரைபடம் இருக்கிறதே, எனக்கு அது போதும். அதையே கட்டடக் கலைஞர் அளவுகோல் வைத்துத் திரும்பப் போடும்போது சுவர் நிமிர்ந்துவிடுகிறது, கை நடுக்கம் காணாமல் போகிறது. கோணல் கோட்டையும் நேர்கோட்டையும் மாறிமாறிப் பார்த்தே ஒரு சாயங்காலத்தைக் கழித்திருக்கிறேன். ஒல்லாந்தர் காணிக் கணக்கு எழுதிய தோம்பின் பெயரை, காணியை விட்டு ஓடியவர்களின் ஏட்டுக்கு 2011இல் வைத்த குறும்பு வேறு!

கலைஞர் மார்க் டியோன் 1999இல் தேம்ஸ் கரையில் பொறுக்கிய களிமண் புகைக்குழாய்களை இழுப்பறைகளில் அடுக்கியதைப் புகழும் நண்பர்கள் எனக்கு உண்டு. அழகுதான். ஆனால் புகைத்தவன் யாரென்று தெரியாது. யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் 2004இல் சனாதனன் வைத்தவை வீடுகளில் கேட்டு வாங்கிய பொருள்கள்; ஒவ்வொன்றுக்கும் ஒரு வாசற்படி இருந்தது.

இப்போதோ தேயிலைக் கொழுந்துக் கூடையை வெள்ளைப் பீடத்தில் ஏற்றி, மேலே மஞ்சள் பல்பு எரியவிட்டால் ‘நினைவின் தொல்லியல்’ என்கிறார்கள். எந்தத் தோட்டம், எந்த மலை, யார் முதுகு? ஒரு வரி கிடையாது. மண்ணடுக்கைக் குறிக்காமல் பிடுங்கிய பானை ஓடு எதற்கு ஆகும்? கம்பளைப் பக்கம் பழைய பீகொக் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருப்பு வரிசையான லயத்திலேயே 2007இல் தொழிலாளர் அருங்காட்சியகம் வைத்தவர்களுக்கு இது புரிந்திருந்தது. அங்கே காம்பரா என்கிற லயத்து அறையே காட்சிப்பொருள்.

உடப்புசல்லாவையில் ஒரு மழை நாள், என் அம்மாயியிடம் பென்சிலைக் கொடுத்து, “நீங்க பொறந்த லயத்தப் போட்டுக் காட்டுங்க” என்றேன். யாழ்ப்பாணத்தார் என்றால் வேலி, கிணறு, படலை என்று எல்லை கட்டியிருப்பார்கள். லயத்துக்காரர்களான எங்களுக்கு ஏது உறுதி, ஏது காணி? அம்மாயி முதலில் போட்டது தண்ணீர்ப் பீலியை. பிறகு இஸ்தோப்பு, அடுப்பு. பக்கத்து வீட்டு நடுச்சுவருக்கு வந்ததும் பென்சில் நின்றுவிட்டது.

“இந்தச் செவுரு கூரை மட்டும் போகாது தம்பி. மேல தொறந்துல்ல கெடக்கும். அவுங்க வீட்டுப் பொகையெல்லாம் நம்ம வீட்டுக்குத்தான் வரும். அத எப்படிப் போடுறது?”

கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு, விரலை எச்சிலில் தொட்டு அந்தக் கோட்டை மட்டும் தேய்த்தார். தாள் கருத்துப்போனது.

“இப்ப சரி” என்று நீட்டினார்.