பிரதியைத் திறப்பதும் சந்தையைத் திறப்பதும்

விண்டோஸின் மூலநிரலை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டுவிட்டால் மேசைக் கணினிச் சந்தையில் அதன் ஏகபோகம் உடைந்துவிடும் என்றொரு நம்பிக்கை கட்டற்ற மென்பொருள்காரர்கள் சிலரிடம் ரொம்ப காலமாக இருக்கிறது. இதற்குள் ஒரு கருத்தாக்கம் ஒளிந்திருக்கிறது: அதிகாரம் பிரதிக்குள் குடியிருக்கிறது, பிரதி ரகசியமாக இருப்பதால்தான் அது செல்லுபடியாகிறது, ரகசியம் போனால் அதிகாரமும் போய்விடும். வேதத்தைப் பூட்டி வைத்த வரலாறு தெரிந்த நமக்கு உடனே பிடித்துப்போகிற வாதம்தான். ஆனால் விண்டோஸின் அதிகாரம் விண்டோஸுக்கு வெளியே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

1998-ல் அமெரிக்க அரசும் பல மாநில அரசுகளும் மைக்ரோசாஃப்ட் மீது தொடுத்த வழக்கில் நீதிபதி தாமஸ் பென்ஃபீல்ட் ஜாக்சன் 1999 நவம்பரில் தன் உண்மைக் கூற்றுகளை வெளியிட்டார். (கம்பெனியை இரண்டாகப் பிரிக்கச் சொன்ன அவருடைய உத்தரவை 2001-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. ஆனால் உண்மைக் கூற்றுகளைத் தள்ளவில்லை.) அதிகாரம் பற்றிப் பேசுகிற நம் விமர்சகர்கள் படித்துப் பார்க்க வேண்டிய ஆவணம் அது. விண்டோஸுக்காக எழுதப்பட்ட மென்பொருள்கள் 70,000-க்கும் மேல் என்கிறார் ஜாக்சன். ஐபிஎம்மின் ஓஎஸ்/2 வார்ப் உச்சத்தில் இருந்தபோதும் அதற்குக் கிடைத்தவை சுமார் 2,500. ஐபிஎம்மிடம் பணம் இல்லையா, ஆள் இல்லையா? வாங்குகிறவன் இயங்குதளத்துக்காக அதை வாங்குவதில்லை, அதன்மேல் ஓடுகிற தன் கணக்கு மென்பொருளுக்காகவும் விளையாட்டுக்காகவும் வாங்குகிறான். கூட்டம் இருக்கிற இடத்தில் எழுதுகிறார்கள், எழுதுகிற இடத்தில் கூட்டம் சேருகிறது. இந்தச் சுற்றைத்தான் ஜாக்சன் தடைச்சுவர் என்றார். சுவரின் செங்கல்கள் எல்லாம் மற்றவர்கள் எழுதியவை.

மூலநிரல் கசிந்தும் பார்த்தாயிற்று. 2004 பிப்ரவரியில் விண்டோஸ் 2000-இன் ஒரு பகுதி வெளியே வந்தது, 2020-ல் எக்ஸ்பி வந்தது. சந்தை அசையவில்லை. கசிந்த பிரதியைச் சட்டப்படி யாரும் பயன்படுத்த முடியாதே என்று கேட்கலாம். நியாயம்தான். விண்டோஸ் மென்பொருள்களை லினக்ஸில் ஓடவைக்க 1993-லிருந்து உழைத்துவரும் 'வைன்' திட்டத்தில், மைக்ரோசாஃப்டின் மூலநிரலைக் கண்ணால் பார்த்தவர்கள் நிரல் எழுதித் தரக்கூடாது என்று விதியே உண்டு. வாசித்தவன் எழுதத் தகுதி இழக்கிறான்! ஆசிரியனின் மரணத்தைப் பற்றி பார்த் 1967-லேயே எழுதிவிட்டார். பதிப்புரிமைச் சட்டம் அதைப் படிக்கவில்லை போலும்.

அப்படின்னா சட்டபூர்வமாகவே திறந்துவிட்டால்? வைன்காரர்கள் முட்டிமோதிக் கண்டுபிடிப்பதை நேராக எடுத்துக்கொள்வார்கள். அந்த 70,000-மும் யாருடைய கணினியிலும் ஓடும், சுவர் இடிந்துவிடும். எதிர்த்தரப்பின் பலமான வாதம் இதுதான், லேசில் தள்ள முடியாது.

இதற்கு ஆண்ட்ராய்டு ஒரு பதில் சொல்கிறது. கைபேசிச் சமாச்சாரம்தான், ஆனால் திறந்த இயங்குதளம் சந்தையில் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு அதைவிடப் பெரிய உதாரணம் நம்மிடம் இல்லை. அதன் மூலநிரலை யாரும் எடுக்கலாம், மாற்றலாம். கூகுளின் ஆப் கடையும் தேடலும் வேண்டுமென்றால் மட்டும், கூகுள் ஒப்புக்கொள்ளாத மாற்று வடிவங்களில் ஒரு கருவியைக்கூட விற்கமாட்டோம் என்று தயாரிப்பாளர்கள் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. 2012-ல் அலிபாபாவின் அலியுன் இயங்குதளத்தோடு ஒரு கைபேசியை அறிமுகப்படுத்தவிருந்த ஏசர், கூகுளின் எதிர்ப்புக்குப் பிறகு விழாவையே ரத்து செய்தது. இந்த ஒப்பந்தங்களும் சேர்ந்துதான் 2018-ல் ஐரோப்பிய ஆணையம் 434 கோடி யூரோ அபராதம் போடக் காரணமாயின (2022-ல் அது 412.5 கோடியாகக் குறைந்தது). பிரதி திறந்து கிடந்தது, பூட்டு ஒப்பந்தத்தில் இருந்தது. ஆப்பிள் வேறு வழி கண்டது. 2000-ல் மேக்கின் அடித்தளமான டார்வினைத் திறந்துவிட்டு, நாம் மேக் என்று பார்க்கிற முகத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. டார்வினை வைத்து மேக்குக்குப் போட்டி எழவே இல்லை.

போட்டியாளனுக்கு நிஜமாகத் தேவைப்படுவது என்ன? ஐரோப்பிய ஆணையம் 2004-ல் இதைச் சரியாகப் பிடித்தது என்பது என் கணிப்பு. அது மைக்ரோசாஃப்டிடம் மூலநிரலைக் கேட்கவில்லை. விண்டோஸ் கணினிகளும் சர்வர்களும் தங்களுக்குள் பேசிக்கொள்கிற இலக்கணத்தைக் கேட்டது. மைக்ரோசாஃப்ட் மூன்று வருஷம் இழுத்தடித்து, 2007-ல் மேல்முறையீட்டிலும் தோற்றது. அந்த டிசம்பரில் 'சாம்பா' என்கிற கட்டற்ற மென்பொருள் திட்டத்துக்காக வெறும் 10,000 யூரோ கட்டி அந்த ஆவணங்களைப் பெற்றார்கள். 2012-ல் வந்த சாம்பா 4.0, ஓர் அலுவலகத்தின் விண்டோஸ் கணினிகளை எல்லாம் மேலாண்மை செய்கிற சர்வரின் வேலையைத் தானே செய்தது. மூலநிரலில் ஒரு வரி கைமாறவில்லை. பல லட்சம் வரிப் பிரதியைக் கொட்டிவிட்டு இலக்கணத்தை நாளுக்கு நாள் மாற்றிக்கொண்டிருந்தால் அதைத் துரத்துவதிலேயே போட்டியாளனின் ஆயுள் போய்விடும்.

பிரதியைத் திறப்பது வீண் என்று சொல்லவரவில்லை. அதன் பலன் வேறு இடத்தில் விழும். நம் எழுத்தாளர்கள் நாட்டுடைமையானபோது அவர்களுக்குப் போட்டியாக எழுத்தாளர்கள் முளைக்கவில்லை. பதிப்பாளர்கள் முளைத்தார்கள், மலிவுப் பதிப்புகள் வந்தன. விண்டோஸ் திறந்தாலும் போட்டி பராமரிப்பில்தான் வரும். 2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ கணினிகள், டிபிஎம் 2.0 சில்லு இல்லாததாலோ பிராசஸர் பழசு என்பதாலோ விண்டோஸ் 11-க்கு லாயக்கில்லை என்று ஒதுக்கப்பட்டன. அவற்றுக்கு வேண்டிய பாதுகாப்புத் திருத்தங்களை எழுதும் உரிமை ஒரே கம்பெனியிடம் இருந்தது. மூலநிரலும் அதை மாற்றும் உரிமையும் பொதுவில் இருந்தால் ஒரு பல்கலைக்கழகமோ அரசுத் துறையோ நாலு பேர் கொண்ட சிறு கம்பெனியோ அந்த வேலையை எடுத்துச் செய்யலாம், வேறு விலை வைக்கலாம், சும்மாவும் தரலாம்.

மைக்ரோசாஃப்ட் திறக்கவே திறக்காது என்றில்லை. 1988-இன் எம்எஸ்-டாஸ் 4.00-ஐ 2024-ல் திறந்தது, 36 வருஷம் கழித்து. விண்டோஸ் 10-க்கும் அதே கணக்கு என்றால் அந்தக் கணினிகள் அதற்குள் பழைய இரும்புக் கடைக்குப் போய் உருகியிருக்கும்.