விதிவிலக்கும் காப்பும்: போரில் சிதைந்த வரலாற்றிடங்களின் அவசரப் பாதுகாப்பு குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

போரில் சிதைந்த வரலாற்றிடங்களைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் இரு முனைகளில் நிற்கின்றன. ஒரு முனையில் அழிவைப் பற்றிய இரங்கல். மறு முனையில் மீண்டெழுந்த கட்டடத்தைப் பற்றிய பெருமிதம். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட காலத்தில், குண்டு விழுந்த நாளுக்கும் புனரமைப்புக் குழு வந்து சேரும் நாளுக்கும் நடுவே, செய்யப்படுவதும் செய்யப்படாமல் விடப்படுவதுமே ஓர் இடத்தின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கின்றன. அந்த இடைக்காலச் செயல்களையே அவசரப் பாதுகாப்பு என்கிறோம். தமிழ்ச் சான்று ஒன்றைத் தொடக்கமாகக் கொண்டு, இப்பாதுகாப்பின் அடிப்படையை மதிப்பிட இக்கட்டுரை முற்படுகிறது. ஓரிடத்தைக் காப்பது வெற்றியாளனின் விதிவிலக்கா, அவ்விடத்தாரின் முன்னேற்பாடா என்பதே இங்கு எழுப்பப்படும் வினா.

திருவெள்ளறைச் சான்று

1216இல் அரியணை ஏறிய முதலாம் மாறவர்மன் சுந்தரபாண்டியன் சோழநாட்டின்மீது படையெடுத்துத் தஞ்சையையும் உறையூரையும் எரியூட்டினான். மண்டபங்களை இடித்ததையும், அவ்விடத்தைக் கழுதை ஏர் கொண்டு உழுது கவடி விதைத்ததையும் அவனுடைய மெய்க்கீர்த்தி பெருமையாகவே சொல்கிறது. திருவெள்ளறையில் உள்ள பாடல் கல்வெட்டு ஒன்று இவ்வழிவுக்கு ஒரு விலக்கைக் குறிக்கிறது. பட்டினப்பாலை பாடியமைக்காகக் கரிகாலன் புலவர் கண்ணனார்க்கு வழங்கிய பதினாறுகால் மண்டபம் மட்டும் இடிக்கப்படாமல் விடப்பட்டது என்பது அதன் செய்தி.

தமிழின் மாண்புக்கும் பாண்டியனின் தமிழ்ப்பற்றுக்கும் எடுத்துக்காட்டாக இச்சான்று பன்முறை மேற்கோள் காட்டப்பட்டுள்ளது. அவ்வாசிப்பு பிழையானது அன்று, ஆனால் குறையுடையது. முதலாவதாக, சங்க காலத்துக் கட்டடம் ஒன்று ஆயிரம் ஆண்டுகள் நின்றிருக்குமா என்பது ஐயத்திற்குரியது. கலிங்கத்துப்பரணி இதே பரிசிலைப் பதினாறு நூறாயிரம் பொன்னாகக் கூறுவதால், பதினாறு என்னும் எண்ணே மரபில் நிலைத்திருந்தது எனலாம். எனவே இக்கல்வெட்டு கரிகாலன் காலத்தைக் காட்டிலும், 13ஆம் நூற்றாண்டார் எதனைக் காக்கத்தக்கது எனக் கருதினர் என்பதற்கே உறுதியான சான்றாகும்.

இரண்டாவதாக, ஒன்று விடப்பட்டதைக் கொண்டாடும்போது, விடப்படாத அனைத்தும் பார்வையிலிருந்து மறைகின்றன. இரண்டு நகரங்கள் எரிந்தன. ஒரு மண்டபம் நின்றது. அம்மண்டபத்தைக் காத்தது எவருடைய உழைப்பும் அன்று, வென்றவனின் விருப்பம். இதே அரசன் வென்ற நாட்டைத் தோற்றவனுக்கே திருப்பித் தந்து, சோணாடு வழங்கியருளியவன் என்னும் சிறப்பையும் பெற்றான். அழித்தலும் அருளலும் ஒரே கையில் இருந்தன என்பதே இவ்விரு செய்திகளும் சேர்ந்து உணர்த்துவது.

இந்நிலைக்குச் சங்க இலக்கியத்திலேயே முன்வடிவம் உண்டு. பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியைப் பாடிய நெட்டிமையார், புறநானூற்றின் 9ஆம் பாட்டில், போருக்கு முன்பு ஆவினம், பார்ப்பார், பெண்டிர், பிணியுடையோர், புதல்வரைப் பெறாதோர் ஆகியோரை அரண் சேருமாறு அறிவிக்கும் அறநெறியைப் போற்றுகிறார். அவரே 15ஆம் பாட்டில், பகைவர் அரண்களைக் கழுதை ஏர் பூட்டிப் பாழ்செய்ததையும் போற்றுகிறார். உயிர்களுக்கு விலக்கு உண்டு, இடங்களுக்கு இல்லை. ஒரே புலவர் ஒரே அரசன்மேல் பாடிய இவ்விரு பாடல்களையும் இணைத்துப் படிக்கும்போதே பழந்தமிழ்ப் போரறத்தின் எல்லை புலனாகிறது.

பட்டியலின் எல்லை

விதிவிலக்கு வழங்கும் இம்முறை மன்னர் காலத்தோடு முடிந்துவிடவில்லை. இரண்டாம் உலகப் போரின் அழிவுகளுக்குப் பின், 1954இல் தி ஹேக் நகரில் பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புக்கான உடன்படிக்கை உருவானது. அடையாளச் சின்னமாக நீலமும் வெள்ளையும் கலந்த கேடயத்தை அது வகுத்தது. மிக உயர்ந்த மதிப்புடையவற்றுக்குச் சிறப்புப் பாதுகாப்புப் பதிவேடு ஒன்றையும் ஏற்படுத்தியது. ஆயினும் தவிர்க்கவியலாத இராணுவத் தேவை எழுந்தால் பாதுகாப்பை விலக்கிக்கொள்ளவும் அது இடம் தந்தது. முடிவு செய்யும் உரிமை மீண்டும் படைத்தலைவனின் கைக்கே சென்றது.

பதிவேடும் எதிர்பார்த்தபடி வளரவில்லை. நெடுங்காலம் வாத்திகன் நகரும் சில காப்பிடங்களும் மட்டுமே அதில் இடம்பெற்றிருந்தன. 1972இல் கம்போடியா அங்கோரைப் பதிவுசெய்ய முயன்றபோது, அவ்வரசின் தகுதியைச் சில உறுப்பு நாடுகள் ஏற்காமல் ஆட்சேபித்ததால் முயற்சி நிறைவேறவில்லை. பதிவு பெற்றவற்றுக்கும் பட்டியல் அரணாகிவிடவில்லை. குரோவேசியாவின் துப்ரோவ்னிக் பழைய நகரம் 1979 முதல் உலக மரபுரிமைப் பட்டியலில் இருந்தது. கேடயச் சின்னமும் அங்கே ஏற்றப்பட்டிருந்தது. எனினும் 1991 டிசம்பர் 6 அன்று அது கடுமையாகத் தாக்கப்பட்டது. 1991, 1992 ஆண்டுகளின் தாக்குதல்களில் பழைய நகரின் 824 கட்டடங்களில் 563 அடிபட்டன.

பட்டியல்கள் பயனற்றவை என்பது இதன் பொருள் அன்று. துப்ரோவ்னிக் தாக்குதலுக்குப் பொறுப்பான படை அதிகாரிகள் பின்னர்ப் பன்னாட்டுத் தீர்ப்பாயத்தில் தண்டிக்கப்பட்டனர். மாலி நாட்டின் திம்புக்து நகரில் 2012இல் கல்லறைமாடங்களை இடித்த வழக்கில், பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் 2016இல் ஒருவருக்கு 9 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. பட்டியல் குற்றத்தை நிறுவுகிறது. தண்டனைக்கு வழி செய்கிறது. ஆனால் பிளந்த சுவருக்குள் மழைநீர் இறங்குவதை அது தடுப்பதில்லை.

இதனை உடன்படிக்கையே உணர்ந்திருந்தது என்பது கருதத்தக்கது. அமைதிக் காலத்திலேயே ஆயத்தம் செய்ய வேண்டும் என்கிறது அதன் 3ஆம் உறுப்பு. போர்ச் செயல்களால் சிதைந்த சொத்துகளை உரிய அதிகாரிகளால் காக்க இயலாதபோது, ஆக்கிரமித்த அரசே அவர்களோடு இணைந்து மிக இன்றியமையாத காப்பு நடவடிக்கைகளை எடுக்க வேண்டும் என்கிறது 5ஆம் உறுப்பு. 1999இல் உருவாகி 2004இல் நடைமுறைக்கு வந்த இரண்டாம் நெறிமுறை, சொத்து விவரப் பட்டியல் தயாரித்தல், தீக்கும் கட்டட வீழ்ச்சிக்கும் எதிரான திட்டமிடல், பெயர்க்கத்தக்கவற்றை அகற்றுதல், பொறுப்பான அமைப்பை முன்கூட்டியே நியமித்தல் ஆகியவற்றைத் தெளிவாகச் சுட்டுகிறது. சின்னத்தைப் பற்றிப் பேசப்படும் அளவிற்கு இவ்வுறுப்புகள் பேசப்படுவதில்லை.

இடத்தாரின் கைகள்

அவசரப் பாதுகாப்பின் நடைமுறை எளியது. ஆனால் வரிசை மாறக் கூடாதது. இடம் உயிராபத்து அற்றதா எனக் காண்பது, உள்ள நிலையைப் பதிவு செய்வது, சிதறிய துண்டுகளை எடுத்த இடம் குறித்துச் சேர்த்து வைப்பது, சாய்ந்ததற்கு முட்டுக் கொடுத்துத் திறந்ததை மூடுவது என்பன அதன் படிகள். செய்தவை எல்லாம் பின்னர் அகற்றத்தக்கனவாக இருக்க வேண்டும்.

முதற்படி எவ்வளவு நீளக்கூடும் என்பதற்கு ஈராக்கின் மோசுல் நகரம் சான்று. அல்நூரி பள்ளிவாசலும் அதன் சாய்ந்த கோபுரமான அல்ஹத்பாவும் 2017 ஜூனில் தகர்க்கப்பட்டன. ஏழாண்டுகள் கழித்து, 2024 ஜூனில், தொழுகைக் கூடத்தின் தெற்குச் சுவருக்குள் மறைத்து வைக்கப்பட்டிருந்த 5 வெடிகுண்டுகள் கண்டறியப்பட்டன. அவசரப்பட்டுச் சுவரை எழுப்பியிருந்தால் விளைந்திருக்கும் கேட்டைச் சொல்ல வேண்டியதில்லை. இடையே 2022இல் நடந்த அகழாய்வில், கூடத்தின் தரைக்கடியில் 12ஆம் நூற்றாண்டைச் சார்ந்த அறைகளும் வெளிப்பட்டன. அவசரப் பாதுகாப்பில் அவசரம் செயலுக்கு உரியது. முடிவுக்கு உரியது அன்று.

சிரியாவின் மஅர்ரத் அல்நுமான் நகரம் இன்னும் தெளிவான சான்றைத் தருகிறது. அப்பெயரை அரபு இலக்கியத்தில் நிலைநிறுத்திய புலவர் அபுல் அலா அல்மஅர்ரி 1057இல் மறைந்தவர். அவருடைய சிலையின் தலை 2013இல் வெட்டப்பட்டது. புலவன் பெயருக்கு அங்கே விலக்குக் கிடைக்கவில்லை. அந்நகரின் அருங்காட்சியகத்தில் உரோம, பைசாந்தியக் கால மொசைக் ஓவியங்கள் சுவர்களில் பதிக்கப்பட்டிருந்தன. பெயர்த்தெடுத்துச் செல்ல இயலாத நிலையில், 2014இல் உள்ளூர்ப் பணியாளரும் தன்னார்வலரும் அவற்றின்மேல் நீரில் கரையும் பசை பூசித் துணி ஒட்டி, முன்னே மணல் மூட்டைகளை அடுக்கினர். வெளிநாட்டு வல்லுநர்கள் பயிற்சியும் பொருளும் தந்து துணைநின்றனர். 2015 ஜூனில் கட்டடத்தின்மீது குண்டுகள் விழுந்தபோது சுவர்களும் முற்றமும் சேதமுற்றன. மொசைக்குகள் பெரும்பாலும் தப்பின. எந்தப் படைத்தலைவனும் அவற்றுக்கு விலக்கு அளிக்கவில்லை. பசை, துணி, மணல், அவற்றைப் பயன்படுத்தத் தெரிந்த கைகள் ஆகியனவே காத்தன.

பதுவரைவும் இழப்பும்

தமிழாய்வாளர் இச்சிக்கலை அயலார் செய்தியாகக் கருத இயலாது. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 மே இறுதியிலும் ஜூன் தொடக்கத்திலுமாக எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள், ஓலைச்சுவடிகள் உட்பட, அழிந்தன. இந்நிகழ்வு இருவகையில் நம் வினாவைக் கூர்மையாக்குகிறது.

ஒன்று, காலம் பற்றியது. முழுஅளவிலான உள்நாட்டுப் போர் 1983இல் தொடங்கியதாகவே கணக்கிடப்படுகிறது. நூலகம் எரிந்தது அதற்கும் இரண்டாண்டுகள் முன்னர். சட்டம் போர் எனப் பெயரிடும் நாளுக்காகக் காத்திருந்து தொடங்கும் காப்பு, பல வேளைகளில் காலம் கடந்த காப்பாகவே முடியும்.

மற்றொன்று, பதிவு பற்றியது. அழிந்தவற்றின் எண்ணை நாம் சொல்கிறோம். அவற்றின் பெயர்களை முழுமையாகச் சொல்ல இயலவில்லை. எந்தச் சுவடிக்கு வேறு படி உண்டு, எதற்கு இல்லை என்பதைத் தீர்மானிக்க, வேறோரிடத்தில் வைக்கப்பட்ட விவரப் பட்டியல் தேவை. கட்டடம் பின்னர் மீண்டும் எழுப்பப்பட்டது. சிதைந்த பகுதியை நினைவுச் சின்னமாக அப்படியே விட வேண்டும் என்ற கருத்தும் அப்போது எழுந்தது. அவ்விவாதத்தில் எப்பக்கம் நின்றாலும், சுவரை எழுப்பியதுபோல் சுவடியை எழுப்ப இயலாது என்பதை எவரும் மறுக்கமாட்டார். 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் மின்னூலக முயற்சி, இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் படியெடுத்து வைப்பதை இந்நோக்கில் காண வேண்டும். அது அழிவுக்குப் பிந்திய நினைவேந்தல் மட்டும் அன்று. அடுத்த அழிவுக்கு முந்திய அவசரப் பாதுகாப்பும் ஆகும்.

எழுப்பப்பட்டவற்றிலும் சிதைவின் தடம் எந்த அளவு நிற்க வேண்டும் என்பது தனி வினா. துப்ரோவ்னிக்கில் உடைந்த பழைய கைவினை ஓடுகளுக்கு ஈடாக அதே வகை ஓடு போதிய அளவில் கிடைக்காமல், பிற நாட்டு ஓடுகளும் வேயப்பட்டன. மதில்மேல் நின்று காண்போர்க்குப் பழையவற்றின் மங்கிய நிறமும் புதியவற்றின் செம்மையும் வேறுபட்டுத் தோன்றுகின்றன. திட்டமிட்டுச் செய்யப்படாத இவ்வேறுபாடே அந்நகரின் நேர்மையான ஆவணமாக நிற்கிறது. நம் திருப்பணி மரபு புதுமையை நிறைவாகக் கருதுவது. பழுதின் தடம் எஞ்சுவதை அது விரும்புவதில்லை. ஆயினும் அம்மரபிலேயே பாலாலயம் என்னும் கருத்தும் உண்டு. பணி முடியும்வரை இறையுருவின் ஆற்றலைத் தற்காலிக இடத்தில் நிறுத்தி, பின்னர் உரிய இடத்திற்கு மீட்பது அது. தற்காலிகத்தைத் தற்காலிகம் என்றே அறிந்து, உரிய மதிப்போடு செய்யும் இம்மனப்பாங்கு அவசரப் பாதுகாப்புக்கு மிக அணுக்கமானது.

முடிவுரை

திருவெள்ளறைக் கல்வெட்டு காட்டும் மண்டபம் இன்று இல்லை. வென்றவன் விட்டுவைத்தும் அது நிலைக்கவில்லை. பட்டினப்பாலை மட்டும் நிலைத்தது. ஏடு பெயர்த்தெழுதியோர் தலைமுறைதோறும் அதனைப் படியெடுத்தமையே காரணம். அரசனின் விலக்கைவிடப் பெயர் தெரியாத படியெடுப்போரின் பழக்கம் வலிமையானதாக இருந்தது என்பதே அச்சான்றிலிருந்து நாம் பெற வேண்டிய பாடம்.

ஆகவே, பெருமைக்குரிய ஒன்றைத் தேர்ந்து விலக்களிக்கக் கோரும் அணுகுமுறையிலிருந்து, சிறியனவற்றையும் முன்கூட்டிப் பதிவுசெய்யும் அணுகுமுறைக்கு நம் ஆய்வு நகர வேண்டும். ஊர்க்கோயில் கல்வெட்டு, தனியார் வீட்டுச் சுவடிக்கட்டு, சிற்றூர் நூலகத்தின் இதழ்த்தொகுதி ஆகியவற்றின் விவரங்கள் குறைந்தது ஈரிடங்களில் இருத்தல் வேண்டும். இதற்குப் பன்னாட்டு உடன்படிக்கையோ பெருநிதியோ காத்திருக்கத் தேவையில்லை. ஒவ்வொரு துறையும் தன் நூலறையிலிருந்தே இப்பணியைத் தொடங்கலாம்.