எழுதாத தாள்

ஒவ்வோர் ஆண்டும் பத்தாம் வகுப்பு முடிவு வரும்போது அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் செய்திக்குறிப்பில் ஓரமாக ஒரு வரி இருக்கும். 2024-இல் அது இப்படி: தேர்வெழுதிய மாற்றுத்திறனாளி மாணவர்கள் 13,510 பேர், தேர்ச்சி பெற்றவர்கள் 12,491 பேர், 92.45 சதவீதம். மாநிலத்தின் மொத்தத் தேர்ச்சி 91.55. அண்மையில் ஓர் ஆசிரியர் கூட்டத்தில் ஒருவர் இந்த இரண்டு எண்களையும் அடுத்தடுத்துச் சொல்லிக் கைதட்டு வாங்கினார். கையோடு ஒரு கோரிக்கையும் வைத்தார்: இந்தப் பிள்ளைகளுக்கு உள்ள ஒரு மொழித்தாள் விலக்கோடு நிற்கக் கூடாது; சி.பி.எஸ்.இ.யில் இருப்பதுபோல் கணக்கையும் விட்டுவிட்டு ஓவியமோ இசையோ எடுத்துக்கொள்ள இங்கேயும் வழி வேண்டும். அதற்கும் கைதட்டு. எனக்கு மனசு ஒப்பவில்லை. அந்த 12,491 பேரில் ஐந்து தாளும் எழுதியவர்கள் எத்தனை பேர், நாலோடு நின்றவர்கள் எத்தனை பேர் என்று அந்த வரி சொல்வதில்லை. கேட்பாரும் இல்லை.

சலுகைகளே கூடாது என்று நான் சொல்லவில்லை. கூடுதல் ஒரு மணி நேரமும் சொல்வதை எழுதுபவரும் முழு நியாயம். நானே சில ஆண்டுகள் அப்படி எழுதுபவராக உட்கார்ந்திருக்கிறேன். டிஸ்லெக்சியா உள்ள ஒரு பையன் வேலூர்ப் புரட்சியைச் சொன்ன வேகத்துக்கு என் பேனா ஓடவில்லை. புதுத் தலைப்பாகை, அதனால் எழுந்த கொதிப்பு, கோட்டையில் ஏறிய புலிக்கொடி, ஆற்காட்டிலிருந்து கில்லஸ்பி வந்தது, எல்லாம் வரிசை பிசகாமல் வந்தன. ‘சார், 1806 எழுதிட்டீங்களா?’ என்று நடுவில் என்னையே சரிபார்த்தான். விடை அவனிடம் இருந்தது, கைதான் ஒத்துழைக்கவில்லை. என் கையைக் கொடுத்தோம், விடை தாளுக்கு வந்தது. 2021-இல் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இத்தகைய வசதியை 40 சதவீத ஊனச் சான்று உள்ளவர்களோடு நிறுத்தக் கூடாது என்றபோது மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன்.

விலக்கின் கதை வேறு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, தன் 17-ஆம் பிரிவில் கூடுதல் நேரம், எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழியிலிருந்து விலக்கு ஆகிய மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது. நாமும் மூன்றையும் ‘சலுகை’ என்ற ஒரே பையில் போட்டுக் கட்டிவிட்டோம். முதல் இரண்டும் பிள்ளை தேர்வுக்குள் வரக் கதவை அகலமாக்குகின்றன. மூன்றாவது, இந்த அறைக்குள் நீ வரவே வேண்டாம் என்கிறது.

வர வேண்டாம் என்றால் பிள்ளைக்குச் சுமை குறைகிறது, உண்மைதான். ஆனால் அதைவிட அதிகமாகச் சுமை குறைவது பள்ளிக்கு. நம் பள்ளிகளில் எது தேர்வுக்கு வருகிறதோ அதுதான் நடத்தப்படுகிறது. அது நல்ல பழக்கம் அல்ல, ஆனாலும் உள்ளது அதுதான். ‘அந்தப் பிள்ளைக்குத்தான் விலக்கு இருக்கே’ என்று ஆனபின் அந்தப் பாடவேளையில் அது கடைசி பெஞ்சில் படம் போட்டுக்கொண்டிருக்கும். இது பத்தாம் வகுப்பில் தொடங்குவதும் இல்லை. விலக்கு வரப்போகிறது என்ற தெம்பில் எட்டிலேயே கைவிட்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் அரையாண்டுத் தேர்வு மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு, ‘இவனுக்கு ஒரு சர்ட்டிபிகேட் வாங்கினா என்ன?’ என்று ஆலோசனையே நடந்தது. ஆறாம் வகுப்பில் அவனுக்கு எழுத்துக் கூட்ட வராதபோது எந்தச் சான்றிதழும் யார் நினைவுக்கும் வரவில்லை.

காது கேளாத பிள்ளைகள் விஷயத்தில் இது கொடுமையாகவே மாறுகிறது. என் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். கரும்பலகையில் இருப்பதை முத்து முத்தாக எழுதுவாள். அவள் நோட்டைத்தான் மற்ற பிள்ளைகளுக்கு மாதிரியாகக் காட்டுவோம். ஒரு நாள் அவள் எழுதிய பத்தியில் ‘கிணறு’ என்ற சொல்லில் விரலை வைத்து, என்ன என்று சைகையில் கேட்டேன். சிரித்துக்கொண்டே அதற்கடுத்த சொல்லை எழுதிக் காட்டினாள். வாளியைப் படம் போட்டேன், தண்ணீர் இறைப்பதுபோல் கையை ஆட்டினேன். வீட்டுக் கிணற்றை அவளுக்கு நன்றாகத் தெரியும். அந்த மூன்று எழுத்துக்கும் அதற்கும் தொடர்பு உண்டு என்பதுதான் பத்து வருஷமாக யாரும் சொல்லாதது. அவளுக்குச் சைகை மொழி தெரிந்த ஆசிரியர் வாய்க்கவில்லை. வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர் ஒப்பந்தச் சம்பளத்தில் பள்ளி பள்ளியாகச் சுற்றுபவர், எங்கள் ஊருக்கு அவர் வரும் நாள் எங்களுக்கே தெரியாது. இத்தனைக்கும் விடையாக அரசு அவளுக்குக் கொடுத்தது ஒரு மொழித்தாள் விலக்கு.

இங்கே யார் எதிலிருந்து விடுபட்டார்கள்? தொடக்க வகுப்புகளில் பத்துப் பிள்ளைக்கும் அதற்கு மேல் பதினைந்து பிள்ளைக்கும் ஒரு சிறப்பாசிரியர் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் சொன்னது. அந்த ஆசிரியரைப் போடுவது செலவு. விலக்கு ஆணைக்கு ஒரு தாளும் ஒரு முத்திரையும் போதும்.

விலக்கை ஆதரிப்பவர்கள் கடைசியாகத் தாயின் கண்ணீரைக் கொண்டுவருவார்கள். பத்தாவது பாஸ் என்ற ஒரு சொல் இல்லாமல் எந்தக் கதவும் திறக்காது என்பார்கள். அறிவேன். ஆனால் தேர்வை மாற்றுவதற்கும் தேர்வை எடுத்துவிடுவதற்கும் நடுவே நிறைய இடம் இருக்கிறது. தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் இந்தியச் சைகை மொழியையே பத்தாம் வகுப்பு மொழிப்பாடமாக எடுக்கலாம், 2021-இல் அறிவித்தார்கள். காது கேளாத பிள்ளையிடம், உன் மொழியில் என்ன தெரியும் என்று அது கேட்கிறது. அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளை மாநிலத் தேர்வுகளிலிருந்து விட்டுவிடுவது சகஜமாக இருந்தது. 1997-இல் சட்டத்தைத் திருத்தி, எல்லாரையும் சேர், முடியாதவருக்கு மாற்றுத் தேர்வு வை என்றார்கள். அங்கே தேர்வு பள்ளியை எடைபோட, இங்கே பிள்ளையை எடைபோட என்ற வேறுபாடு பெரிது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் எண்ணப்படாத பிள்ளைக்குக் கற்பிக்கப்படாது என்பதை அவர்கள் கண்டுகொண்டார்கள். நாம் எண்ணாமலே 92.45 என்கிறோம். இதில் கணக்கையும் விடச் சொல்கிறார் கூட்டத்து நண்பர். கூலியை எண்ணி வாங்க ஓவியம் உதவுமா என்று அவரைக் கேட்க நினைத்தேன். கைதட்டல் ஓயவில்லை.

அந்தப் பெண் தேர்ச்சி பெற்றாள். அந்த ஆண்டின் செய்திக்குறிப்பு வரியில் அவளும் ஒருத்தி. மதிப்பெண் சான்றிதழ் வாங்க அம்மாவோடு வந்தாள். பதிவேட்டில் கையெழுத்துக் கட்டத்தில் பெயரை அழகாக எழுதினாள். பக்கத்துக் கட்டத்தில் தேதி போட வேண்டும். மேல் வரியில் இரண்டு நாள் முன்பு வாங்கிப்போன பையன் போட்டிருந்த தேதியைப் பார்த்தாள். அதையே முத்து முத்தாக எழுதிவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள்.