கொல்லையில் ஒரு வானிலை நிலையம்: கத்திரி வெயிலில் சோதித்துப் பார்த்தது

‘திருச்சியில் இன்று இத்தனை டிகிரி’ என்று மாலைச் செய்தியில் வருகிற எண் விமான நிலையத்தில் அளந்தது. அங்கிருந்து சத்திரம் பேருந்து நிலையம் நேர்க்கோட்டில் 7, 8 கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது. ஸ்ரீரங்கம் கோயில் சுமார் 11 கிலோமீட்டர், நடுவில் காவிரி வேறு. வெயிலுக்கு இந்தத் தூரம் பெரிதல்ல. கோடை மழைக்கோ இது வேறு ஊர். சித்திரை மாதத்து மாலையில் சத்திரத்தில் பேருந்துக்கு நிற்பவர்கள் தொப்பலாக நனைந்திருப்பார்கள். அதே பேருந்தில் ஏறிப் பாலம் தாண்டி அம்மா மண்டபத்தில் இறங்கினால் சாலையில் புழுதி பறக்கும். நம் தெருவில் விழுந்த மழை எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. அதை நாமே அளந்தால்தான் உண்டு.

அதற்காக வாங்கியதுதான் இந்த வீட்டு வானிலை நிலையம். எந்த நிறுவனத்தின் பெட்டியைத் திறந்தாலும் உள்ளே ஏறக்குறைய இதே பாகங்கள்தான் இருக்கும் என்பதால் பெயரை விட்டு வகையைப் பற்றியே எழுதுகிறேன். ஒரே கம்பத்தில் எல்லாம் அடங்கிய ‘ஆல் இன் ஒன்’ வகை இது. தட்டுத் தட்டாக அடுக்கிய வெள்ளைக் கூண்டுக்குள் வெப்பமும் ஈரப்பதமும் அளக்கும் உணரி, மேலே காற்றுக் கிண்ணங்கள், திசைகாட்டி, பக்கத்தில் மழை விழும் புனல், சின்ன சோலார் தகடு. இவை எடுக்கும் அளவுகள் ரேடியோ அலையில் வீட்டுக்குள் இருக்கும் திரைக்கு வந்து, வைஃபை வழியாகக் கைபேசிக்குப் போகின்றன. கூடவே தனி வெப்ப உணரி ஒன்றும் வாங்கினேன். அந்தக் கூடுதல் செலவு ஏன் அவசியம் என்பதே இந்த விமர்சனத்தில் நான் சொல்ல விரும்பும் முக்கியமான சங்கதி.

ஒரு கம்பத்தில் மாட்டிய மூன்று கருவிகளுக்கும் மூன்று விதமான இடம் வேண்டும். உலக வானிலை அமைப்பின் விதிப்படி வெப்பத்தை, புல் தரைக்கு மேல் 1.25 முதல் 2 மீட்டர் உயரத்துக்குள் அளக்க வேண்டும். காற்றுக்கு 10 மீட்டர் உயரம். மழைமானியோ சுவர், மரம் எதுவும் மறைக்காத வெட்டவெளியில், தரைக்குப் பக்கத்தில் இருப்பது நல்லது. எங்கள் ஸ்ரீரங்கத்து வீடுகள் ரயில் பெட்டி போல நீளமானவை. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர், கடைசியில் கொல்லை. கொல்லையில் நட்டால் காற்றுக் கிண்ணம் சுற்றாது, தென்னை ஓலை மழையை மறைக்கும். மொட்டை மாடியில் நட்டால் காற்றும் மழையும் கிடைக்கும், வெப்பம் கெட்டுப்போகும். தட்டோடு பதித்த தளம் நண்பகலில் கால் வைக்க முடியாத சூட்டில் இருக்கிறது. கூண்டுக்குள் இருக்கும் உணரி அந்த அனலையும் சேர்த்தே அளக்கிறது.

காற்று அசையாத வெயிலில் இந்தப் பிளாஸ்டிக் கூண்டுகள் உண்மையைவிட ஒன்றிரண்டு டிகிரி கூடக் காட்டுவது எல்லா நாட்டு ஆர்வலர்களும் அறிந்த குறை. திருச்சியில் அந்த ஒன்றிரண்டு டிகிரி சாதாரணமல்ல. சமவெளியில் 40 டிகிரியைத் தொட்டு, இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடியிருந்தால்தான் இந்திய வானிலை ஆய்வுத் துறை பொதுவாக அதை வெப்ப அலைக் கணக்கில் சேர்க்கும். இங்கே மே மாதத்து இயல்பே 38 டிகிரியை ஒட்டி இருக்கிறது. ஆகவே 41 என்பது கடுமையான வெயில்தான், வெப்ப அலை அல்ல. மாடிக் கூண்டு இரண்டு டிகிரி ஏற்றிக் காட்டி 43 என்று சொன்னால், நடக்காத ஒன்றை நடந்ததாக எழுதிவைத்துவிடுவோம். தனி உணரியைக் கொல்லையில் கிணற்றடிப் பக்கம், மண்தரைக்கு மேல் ஒன்றரை மீட்டரில் மாட்டிய பிறகுதான் எண்களை நம்பத் தொடங்கினேன். சோதிப்பதும் எளிது. பலமாகக் காற்று வீசும் நேரத்திலும் விடியற்காலையிலும் மாடியும் கொல்லையும் ஏறத்தாழ ஒன்றுபோலக் காட்டி, காற்றில்லாத நண்பகலில் மட்டும் விலகினால், கோளாறு உணரியில் இல்லை. வைத்த இடத்தில் இருக்கிறது.

அதே மாதிரி உணரி ஒன்றைச் சத்திரத்துக்குப் பின்புறம் இருக்கும் உறவினர் வீட்டு மாடி நிழலிலும் வைத்தேன். பகல் உச்சத்தில் இரண்டு இடத்துக்கும் பெரிய வேறுபாடு இல்லை. இரவில்தான் பிரிகின்றன. கொல்லை மண் ஒன்பது மணிக்குள் ஆறிவிடுகிறது. சத்திரம் நள்ளிரவு வரை ஆறுவதில்லை. கான்கிரீட், தார்ச்சாலை, நிற்காமல் வந்துபோகும் பேருந்துகளின் எஞ்சின் சூடு எல்லாம் ஒரே இடத்தில் சேர்கின்றன. பேருந்து நிலையத்தில் இரவுப் பணி பார்க்கும் நடத்துநருக்கும் பூக்கட்டும் பெண்களுக்கும் அன்றைய உச்சவெப்பத்தைவிட அன்றைய குறைந்தபட்ச வெப்பமே முக்கியமான எண். செய்திகளில் அதை யாரும் சொல்வதில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

திரையில் ‘உணரும் வெப்பம்’ என்று இன்னொரு எண் வரும். பெரும்பாலான கருவிகளில் இது வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்துப் போடும் அமெரிக்கக் கணக்கு, அதுவும் நிழலில் நிற்பவருக்கானது. நேரடி வெயிலில் 8 டிகிரி வரை கூடலாம் என்று அமெரிக்க வானிலைத் துறையே சொல்கிறது. சித்திரைத் தேருக்குச் சத்திரம் வழியாகச் சமயபுரத்துக்குச் செருப்பில்லாமல் நடக்கிறவர்களின் நிலை அந்தத் திரையில் தெரியாது. அவர்களுக்கு மோர் கொடுக்கும் பந்தல்காரர்கள் இந்த எண்ணைப் பார்ப்பதானால், அதற்கு மேலேயும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

இனி மழைமானி. கருவியில் எனக்கு மிகவும் பிடித்த பாகம் இதுதான். புனலுக்குக் கீழே ஏற்றப்பலகை போல இரண்டு சின்னக் குழிகள். ஒன்று நிறைந்தவுடன் சாய்ந்து நீரைக் கொட்டும், மற்றது மேலே வரும். ஒவ்வொரு சாய்வும் பொதுவாக 0.2 மி.மீ. அளவில் ஒரு கணக்கு. மழை எத்தனை மணிக்குத் தொடங்கி எந்த நிமிடத்தில் வலுத்தது என்பதை இதைவிட நன்றாக எதுவும் சொல்லாது. மொத்த அளவில் மட்டும் கவனம் வேண்டும். வெளுத்து வாங்கும் கோடை மழையில் குழி சாய்கிற நொடியிலும் நீர் விழுந்துகொண்டே இருப்பதால் குறைத்துக் காட்டும். நம் ஊரில் இன்னொரு எதிரி வேப்பம்பூ. பங்குனி, சித்திரையில் உதிரும் பூ புனலின் துளையை அடைத்துவிட்டால், மழை கொட்டும்போது திரை சும்மா இருக்கும். நின்ற பிறகு மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாக மழை பெய்வதாகக் காட்டும். குளவி மண் வைத்து அடைப்பதும் உண்டு. வாரம் ஒருமுறை ஏணி ஏறத் தயாராக இல்லாதவர்கள் இதை வாங்கவேண்டாம்.

சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. ஒரு மி.மீ. மழை என்றால் சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். புனல் வாயின் விட்டம் 16 செ.மீ. என்றால் பரப்பு சுமார் 200 சதுர செ.மீ.; அதில் 200 மி.லி. நீர் விட்டால் 10 மி.மீ. காட்ட வேண்டும். உங்கள் புனலின் விட்டத்தை அளந்து கணக்குப் போட்டு, மூடியில் ஊசித்துளை போட்ட பாட்டிலிலிருந்து மெதுவாகச் சொட்டவிடுங்கள். கூடவே நேர்ச்சுவர் கொண்ட எவர்சில்வர் பாத்திரம் ஒன்றைத் திறந்தவெளியில் வையுங்கள். உள்ளே நிற்கும் நீரின் உயரத்தை ஸ்கேலால் அளந்தால் அதுவே மி.மீ. கணக்கு. 1441-இல் கொரியாவில் சேஜோங் மன்னர் காலத்தில் உருவாக்கிய மழைமானியும் இப்படி ஒரு உருளைதான். கருவியும் பாத்திரமும் மாறுபட்டால் நான் பாத்திரத்தையே நம்புகிறேன்.

கைபேசிச் செயலி நன்றாகவே இருக்கிறது, ஒரு விஷயம் தவிர. அது ஒவ்வொரு நாளையும் நள்ளிரவில் முடித்துக் கணக்கை அழித்துத் தொடங்குகிறது. அரசு மழைக்கணக்கோ காலை 8:30 முதல் மறுநாள் 8:30 வரை. மே 10 மாலை பெய்த மழை அரசுப் பட்டியலில் மே 11 தேதியில்தான் வரும். இரண்டையும் ஒப்பிட நினைப்பவர் தினம் 8:30-க்கு ஒரு நோட்டில் எழுதிவைக்க வேண்டும். அந்தப் பழக்கம் மின்வெட்டு நாட்களிலும் கைகொடுக்கும். வைஃபை போனால் சில மாடல்களில் இடைப்பட்ட பதிவுகள் திரும்பக் கிடைப்பதில்லை.

திசைகாட்டியை விளையாட்டுப் பொருள் என்று ஒதுக்கவேண்டாம். கோடை மாலையில் மேற்குக் காற்று தளர்ந்து, முள் கிழக்கே திரும்பி, ஈரப்பதம் ஏறினால் கடற்காற்று உள்ளே வந்துவிட்டது. அது மேற்குக் காற்றோடு மோதும் இடத்தில்தான் நம் கோடை இடிமழை எழும்புகிறது. அப்போது காரைக்கால் ரேடார் படத்தைத் திறப்பேன். தமிழ்நாடு வெதர்மேன் பிரதீப் ஜான் போன்றவர்களால் ரேடார் படம் பார்ப்பது இங்கே வீட்டுப் பழக்கமாகிவிட்டது. ஆனால் காரைக்கால் நமக்கு நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். பூமியின் வளைவால், ரேடாரின் மிகத் தாழ்ந்த கதிரே நம் தலைக்கு மேல் சுமார் 2 கிலோமீட்டர் உயரத்தில்தான் போகிறது. அங்கே தெரிகிற மழை வறண்ட காற்றில் ஆவியாகித் தரைக்கு வராமலே போவதுண்டு. வந்ததா இல்லையா என்பதற்கு மாடியில் இருக்கும் புனலே சாட்சி. மின்னலுக்குப் புனேயில் இருக்கும் இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் (ஐஐடிஎம்) உருவாக்கிய தாமினி செயலியும் வைத்திருக்கிறேன். 20, 40 கிலோமீட்டர் வட்டத்துக்குள் மின்னல் வந்தால் எச்சரிக்கும். அது எச்சரித்த பிறகு மாடிக் கம்பத்தின் பக்கம் போகக்கூடாது.

யார் வாங்கலாம்? விசாலமான தோட்டமோ வயலோ உள்ள முசிறி, லால்குடிக்காரர்கள் ‘ஆல் இன் ஒன்’ வாங்கலாம். நெருக்கமான வீடுகளில் இருப்பவர்கள், வெப்பம், மழை, காற்று மூன்றுக்கும் தனித்தனி உணரிகள் கொண்ட தொகுப்பாகப் பார்த்து, முதலில் வெப்பமும் மழையும் மட்டும் வாங்குங்கள். காற்றுக் கருவியை அடுத்த வருடம் சேர்க்கலாம். பணம் குறைவு என்றால் அந்த எவர்சில்வர் பாத்திரமும் ஒரு நோட்டும் இந்தக் கோடைக்குப் போதும். ஏற்கெனவே கம்பம் நட்டவர்கள் ஆனி பிறப்பதற்குள் அதன் இழுவைக் கம்பிகளை இறுக்கிவிடுங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்று தளர்ந்த கம்பத்தை விட்டுவைக்காது.