விழா இசையும் உழைப்போர் பறையும்
ஊவாத் தோட்டங்களின் தப்பிசை குறித்த ஒரு நோக்கு

1

மகிழ்ச்சியைப் பலரறிய முழங்குவதற்கென்றே அமைந்த இசை எல்லாச் சமுதாயங்களிலும் உண்டு. தனியொருவரின் வித்துவத்தைப் புலப்படுத்தும் இசைக்குச் சபை வேண்டும். விழா இசைக்கோ முற்றமும் தெருவும் திறந்த வெளியும் வேண்டும். பலர் கூடி இசைப்பதும், கேட்போர் கேட்போராக மட்டும் நில்லாது உடன் நடப்பதும் உடன் ஆடுவதும் அதன் இயல்புகள். இவ்வகையில் நோக்கின் மேனாட்டுப் பாண்ட் வாத்தியம், சிங்களவரின் ஹேவிசி, எமது நாதஸ்வர தவில் மேளம், மலையகத் தோட்டங்களின் தப்பு ஆகிய யாவும் ஓரினத்தவையே.

எனினும் இவற்றுக்கு வழங்கப்படும் மதிப்பு ஒரு தன்மையதன்று. பசறை, லுணுகலை, மடுல்சீமை, அப்புத்தளை ஆகிய பகுதிகளின் தோட்டங்களில் விருந்தினரை வரவேற்கும் வேளைகளிற் பாண்ட் வாத்தியம் முழங்குவது பெருமைக்குரியதாகவும், தப்பு முழங்குவது கூச்சத்துக்குரியதாகவும் கொள்ளப்படுவதை நாம் பலகாலும் கண்டுள்ளோம். 'அது சாவுமேளம்' என்பதே இதற்குக் கூறப்படும் நியாயம். இக்கூற்று இசை பற்றிய மதிப்பீடா, அன்றி இசைப்போர் பற்றிய மதிப்பீடா என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகும் வினா.

2

தப்பு என்பது மரச்சட்டத்தில் இழுத்து ஒட்டிய தோலையுடைய, ஒரு முகம் மட்டுமே கொண்ட வட்டப் பறை. ஒரு கையில் மெல்லிய நீண்ட குச்சியும் மறு கையிற் பருத்த குறுங்குச்சியும் கொண்டு அது இசைக்கப்படும். இசைக்குமுன் தீயிற் காய்ச்சித் தோலை முறுக்கேற்றுதல் இன்றியமையாதது. பனியும் மழையும் மிகுந்த மலைப்பகுதியில் ஈரம் ஏறியதும் தோல் தளர்ந்து நாதம் மங்கிவிடும். ஆகவே இசை நடைபெறும் இடத்தருகே நெருப்பும் இருத்தல் வேண்டும். ஆடுவோரும் பார்ப்போரும் அந்நெருப்பைச் சூழவே கூடுவர். இக்கருவியின் தேவையே கூட்டத்துக்கு ஒரு மையத்தைத் தந்துவிடுகின்றது.

தப்பிசைக்கு இலக்கணம் இல்லை என்பது அதனை அறியாதார் கூற்று. எதற்காக முழங்குகின்றதோ அதற்கேற்ப அடி வேறுபடும். கோயில் விழாவுக்கான சாமித் தப்பு வேறு, காமன் கூத்துக்குரிய தப்பு வேறு, இறந்தார் வீட்டின் சாவுத் தப்பு வேறு. தொலைவில் நிற்பவரும் அடியைக் கேட்ட மாத்திரத்தே நிகழ்ச்சி இன்னது என உணர்வர். மலைச்சரிவுகளிற் சிதறிக் கிடக்கும் லயங்களுக்கிடையே செய்தியை எடுத்துச் சென்ற மொழியாகவும் அது விளங்கியது. ஆகவே 'சாவுமேளம்' என்பது பல பொருள் கொண்ட ஒரு மொழியின் ஒரு சொல்லை மட்டும் எடுத்து அம்மொழிக்கே பெயராகச் சூட்டுவதற்கு ஒப்பாகும்.

தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்குமுரிய கருப்பொருள்களுள் ஒன்றாகப் பறையை எண்ணுகின்றது. குறிஞ்சிக்குத் தொண்டகப்பறையை உரைமரபு கூறும். மலைபடுகடாமோ கூத்தர் சுமந்து செல்லும் இசைக்கருவிகளின் நீண்ட வரிசையோடு தொடங்கி, பின் மலையில் எழும் ஓசைகளை விரித்துரைக்கின்றது. பல கருவிகள் சேர்ந்தொலிப்பதைப் பல்லியம் எனவும் இன்னியம் எனவும் வழங்கிய பழந்தமிழ்ச் சமுதாயத்திற் பறை இழிவின் குறியாக மட்டும் இருந்ததில்லை. தோலைத் தொடுதல் தீட்டு என்னும் சாதியக் கருத்து வலுப்பெற்றமையே கருவியையும் கலைஞரையும் ஒருங்கே தாழ்த்தியது.

3

மகிழ்ச்சி இசை என்ற வகையில் தப்பின் ஆற்றலை அறிதற்குக் காமன் கூத்தினும் சிறந்த சான்று இல்லை. மாசி மாதத்து வளர்பிறையிற் காமன் கம்பம் ஊன்றப்படும். அது முதல் இரவுதோறும் ஆட்டமும் பாட்டும் நிகழும். மதனும் ரதியுமாக வேடமிட்டோர் லயங்கள்தோறும் ஆடிச் செல்வர். சிவனின் தவத்தைக் கலைக்கப் போன மதன் நெற்றிக்கண்ணால் எரிக்கப்படுகின்றான், ரதி புலம்புகின்றாள், முடிவில் மதன் உயிர்பெறுகின்றான். பதுளை மாவட்டத் தோட்டங்கள் உட்பட மலையகம் எங்கும் பரவியுள்ள இக்கூத்து, அரங்கு எனத் தனியிடம் ஒன்றை வேண்டாது தோட்டம் முழுவதையுமே அரங்காக்குவது.

திருமணத்தின் களிப்பு, பயணத்தின் விரைவு, எரிப்பின் உக்கிரம், புலம்பலின் தளர்ச்சி, மீட்சியின் பெருமகிழ்ச்சி ஆகிய அனைத்தையும் அதே தப்பு, அதே கைகளே இசைக்கின்றன. துயரத்தை அறியாத கருவியன்று அது. துயரத்தினூடே சென்று மகிழ்ச்சியை அடையும் கருவி. சாவு வீட்டில் இசைத்த கை விழாவில் இசைத்தல் ஆகாது என்போர், விழா என்பதன் பொருளையே குறுக்கிவிடுகின்றனர். எரிந்தவன் எழுகின்றான் என்பதைக் கொண்டாட, எரிந்த கதையையும் சொல்லவல்ல இசை வேண்டுமன்றோ?

4

இத்தகைய கருவிக்குத் தோட்ட முறைமை மற்றொரு பணியையும் சுமத்தியது. விடியுமுன் தொழிலாளரைத் துயிலெழுப்பி வேலைக்கணிக்கு அழைத்தது பெரட்டுத் தப்பு. 'பெரட்டு' என்னும் சொல், இராணுவ அணிவகுப்பைக் குறிக்கும் 'பரேட்' என்ற ஆங்கிலச் சொல்லின் திரிபாகும். இச்சொல் ஒரு வரலாற்றையே உட்கொண்டுள்ளது. கோப்பித் தோட்டக் காலத்திலும் பின்னர்த் தேயிலைக் காலத்திலும் தொழிலாளரை ஒரு படையணிபோல நிரை நிறுத்தி எண்ணி வேலைக்கு அனுப்புவதே துரைமாரின் நடைமுறை. படைக்கு ஊதுகொம்பும் பாண்ட் வாத்தியமும் ஆற்றிய பணியைத் தோட்டத்திற் தப்பு ஆற்றியது. மடக்கும்புறையிற் பிறந்த கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை தமது 'தேயிலைத் தோட்டத்திலே' என்னும் ஆங்கிலக் காவியத்தில், இவ்வைகறை முழக்கத்தையே அம்மக்களின் வாழ்வுக்குக் குறியீடாக்கினார்.

ஆகவே தப்புக்கு இரு எசமானர் இருந்தனர். காலையில் அது துரையின் நேரத்தை அறிவித்தது. மாசி இரவுகளிலும் கோயில் திருவிழாக்களிலும் தொழிலாளரின் நேரத்தை அறிவித்தது. உழைப்புக்கு அழைத்த அதே ஒலியை ஆட்டத்துக்கு அழைக்கும் ஒலியாக மீட்டெடுத்தமை, வேறு உடைமை எதுவுமற்றிருந்த ஒரு மக்கட் கூட்டத்தின் பண்பாட்டுச் சாதனை என்றே நாம் கருதுகின்றோம். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றோராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களைக் கடலின் இரு கரைகளுக்கும் பிரித்தது. ஏட்டிற் பெயர் மறுக்கப்பட்ட காலத்திலும் தாம் இங்கு உள்ளோம் என்பதை ஆண்டுதோறும் அறிவித்தது இவ்விசையே.

ஆயினும் இதனைப் போற்றுமிடத்து ஓர் உண்மையை மறைத்தல் ஆகாது. இந்த இசையை யார் இசைத்தனர்? குறிப்பிட்ட சாதியினரே, அதுவும் விருப்பினால் அன்று, கடமையாக. இந்தியக் கிராமத்தின் குடிமை முறை கப்பலேறி வந்து லயத்திலும் நிலைபெற்றது. தோட்டத்தில் யாவரும் ஒரே கூலி பெறும் தொழிலாளரே எனினும், சாவு வீட்டில் யார் தப்படிப்பது என்ற வினா எழுந்ததும் வர்க்க ஒருமை சாதிப் பிரிவுக்கு இடங்கொடுத்துவிடும். இன்று அச்சமூகங்களின் இளைஞர் தப்பைத் தொட மறுப்பதை மரபின் அழிவு எனப் புலம்புவோர், அம்மறுப்பின் நியாயத்தை உணராதோர். அது கலையை மறுத்தலன்று, கட்டாயத்தை மறுத்தல்.

5

பாண்ட் வாத்தியத்தின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். தப்பைத் தாழ்த்துவோர் அதனை உயர்குடி இசையெனக் கருதுகின்றனர். ஆயின் அதன் பெருமுரசு, கைத்தாளம் முதலியன 18ஆம் நூற்றாண்டில் ஓட்டோமான் துருக்கியரின் படை இசையிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்து சேர்ந்தவை. 1824இல் அரங்கேறிய பீத்தோவனின் 9ஆவது சிம்பனியின் இறுதிப் பகுதியில், மானிட சகோதரத்துவத்தைப் பாடுமிடத்து அத்துருக்கிய முழக்கமே ஒலிக்கின்றது. அந்நியரது பறையை ஏற்றதால் அவ்விசை தாழ்ந்துவிடவில்லை.

பிரான்சியப் புரட்சியின்போது 1789இல் தேசியக் காவற்படைக்கென ஒரு வாத்தியக்குழு அமைந்தது. கோசெக் முதலிய இசைஞர், மாளிகைகளுக்குள் அடங்கியிருந்த இசையைப் பொதுமக்கள் ஆயிரக்கணக்கிற் கூடும் வெளிக்கு எடுத்து வந்தனர். திறந்த வெளியில் தந்திக் கருவிகளின் ஒலி எடுபடாது. எனவே துளைக்கருவிகளும் தோற்கருவிகளும் முதன்மை பெற்றன. 1795இல் நிறுவப்பெற்ற பாரிஸ் இசைக் கல்லூரி அக்குழுவினரின் முயற்சியிலிருந்தே கிளைத்தது. 1840இல் ஜூலைப் புரட்சியின் 10ஆம் ஆண்டு நினைவுக்கென பெர்லியோஸ் ஆக்கிய பெரும் படைப்பு, வீதியில் நடந்தவாறே இசைத்தற்குரியதாய் அமைந்தது. 1954இல் அக்டோபர்ப் புரட்சியின் ஆண்டு நிறைவுக்காக ஷொஸ்டகோவிச் எழுதிய விழா முன்னிசை, இன்று உலகெங்கும் பாண்ட் குழுக்களின் விருப்பத்துக்குரியது. ஊதுகருவிகளின் அறைகூவலுடன் தொடங்கி, விரைந்தோடி, அறைகூவல் பன்மடங்காய் மீள முடிவது அது. அழைத்தல், கூடுதல், விரைதல், உச்சமெய்தல் என்னும் இந்த ஒழுங்கு தப்பிசைக்கும் அந்நியமானதன்று.

தமிழ் இசை மரபும் இவ்வழியில் அஞ்சி ஒதுங்கி நின்றதில்லை. 2ஆம் சரபோசி மன்னர் காலத்தில் (1798-1832) தஞ்சாவூர் அரண்மனையில் மேனாட்டு வாத்தியக்குழு இருந்தது. முத்துசுவாமி தீட்சிதர் ஐரோப்பிய மெட்டுகளுக்கு வடமொழிச் சாகித்தியம் அமைத்து நோட்டுசுவரங்கள் என்னும் வகையையே தந்தார். அவற்றுள் ஒன்று பிரித்தானிய அரச கீதத்தின் மெட்டில் அமைந்தது. பாண்டின் மெட்டைச் சங்கராபரணத்துக்குள் ஏற்கத் துணிந்த மரபு, தன் சேரியின் பறையை ஏற்க மட்டும் ஏன் தயங்கியது? தடை செவியில் இல்லை, சமூகத்தில் உள்ளது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

6

பதுளை நகரில் முதியங்கனை விகாரையின் பெரஹராவின்போது ஊவா வாழ் தமிழரும் வீதியோரத்தில் நின்று சிங்கள மேளங்களைக் கேட்டு மகிழ்வதுண்டு. தவுல், தம்மெட்டம், ஹொரணை என்னும் ஹேவிசிக் கருவிகளின் பெயர்களே எமது தவிலையும் தம்பட்டத்தையும் நினைவூட்டுவன. அம்மேளங்களும் பெரவா என்னும் சாதியினரின் கடமைத் தொழிலாக இருந்தவையே. இன்று அவை பாடசாலைகளிலும் பல்கலைக்கழகத்திலும் பயிற்றப்படுகின்றன. அரச விழாக்களில் முன்வரிசை பெறுகின்றன. இதிலிருந்து இரு பாடங்கள் பெறலாம். சாதித் தொழிலாயிருந்த இசை, கற்போர் அனைவர்க்கும் உரிய கலையாக மாறுதல் இயலும் என்பது ஒன்று. கலை தேசியமானதால் மட்டும் அதனைக் காத்த கலைஞர் குடும்பங்களின் நிலை அதே அளவில் உயர்ந்துவிடுவதில்லை என்பது மற்றொன்று.

தமிழர் நடுவிலும் முன்மாதிரிகள் உள்ளன. கிழக்குப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியர் சி. மௌனகுரு உருவாக்கிய இன்னியம், பாண்ட் வாத்திய வரவேற்புக்கு மாற்றாக எமது கருவிகளையே அணிவகுக்கச் செய்தது. திண்டுக்கல்லிற் சக்தி கலைக்குழுவின் மூலம் பெண்கள் பறையை ஏந்தி அரங்கேறினர். ஆணுக்கும் சாதிக்கும் உரியதாயிருந்த கருவி அவர்கள் கையில் விடுதலையின் கருவியாயிற்று. மதுரையைச் சேர்ந்த பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மசிறீ விருது அறிவிக்கப்பட்டது.

ஊவாவில் என் செய்தல் தகும்? பாண்ட் வாத்தியத்தைப் பாடசாலையினின்று அகற்ற வேண்டும் என நாம் கூறவில்லை. தோட்டத்துச் சிறுமி ஒருத்தி எக்காளம் ஊதக் கற்பது வரவேற்கத்தக்கதே. உலக இசை அனைத்தும் அவளுக்கும் உரியது. நாம் வேண்டுவது, அதே அணியில் தப்பும் உருமியும் நிற்றல் வேண்டும் என்பதே. அவற்றைக் கற்க முன்வருவோர் எச்சாதியினராயினும் எப்பாலினராயினும் விரும்பிக் கற்பவராதல் வேண்டும். கற்பிக்கும் மூத்த கலைஞருக்கு ஆசிரியருக்குரிய ஊதியமும் மதிப்பும் கிடைத்தல் வேண்டும். விழா நாளில் அழைத்து வேட்டியும் துண்டும் கொடுத்து அனுப்பிவிடுதல் மரியாதையாகாது. அடிகள் ஒவ்வொன்றும் ஒலிப்பதிவு செய்யப்பட்டு, இசைக்குறியீட்டில் எழுதப்பட்டு, தோட்டம் தோறும் உள்ள வேறுபாடுகளோடு ஆராயப்படுதல் வேண்டும். இப்பணி பல்கலைக்கழகங்களைச் சார்ந்தது. மலையக வாய்மொழிப் பாடல்களைச் சி. வி. வேலுப்பிள்ளை முதலியோர் தொகுத்துக் காத்தனர். பாடலுக்கு உயிரளித்த தாளம் அத்தகைய கவனத்தை இன்னும் பெறவில்லை.

தென்னிந்தியத் தொழிலாளர் வருகையின் 200ஆம் ஆண்டு 2023இல் நினைவுகூரப்பட்டபோது, வீதியில் நடந்தோர் தம்மை இந்நாட்டின் மக்களாக அறிவித்தே நடந்தனர். அத்தகைய பிரகடனத்துக்கு ஏற்ற விழா இசை எது என்பது வெறும் அழகியல் வினாவன்று. துரையின் பெரட்டுக்கு அழைத்த ஒலியும் சாதியின் கட்டளைக்கு அடங்கிய ஒலியும் எமக்கு வேண்டா. தாமே விரும்பி எடுத்து, தாமே நெருப்பிற் காய்ச்சி, தம் கூட்டத்தைத் தாமே அழைக்கும் கைகளில் தப்பு முழங்குமாயின், ஊவாவின் மலைகளுக்கு அதனினும் பொருத்தமான வெற்றி முழக்கம் வேறில்லை.