அதபுப் பிரம்பும் குடும்ப மானமும்

தோப்பில் முஹம்மது மீரானின் ‘சாய்வு நாற்காலி’ 1997ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல். குமரி மாவட்டக் கடலோரத்தின் பழங்குடும்பம் ஒன்று சிதைந்த கதையாகவே அதை வாசித்துப் பழகிவிட்டோம். அச்சிதைவின் பாரத்தைச் சுமந்த பெண்களை நோக்கி நம் பார்வை இன்னும் திரும்ப வேண்டியுள்ளது.

முஸ்தபாக்கண்ணு உழைப்பதில்லை. வீட்டுப் பொருள்களை ஒவ்வொன்றாக விற்று உண்கிறார், மூதாதையர் பெருமை பேசுகிறார், மனைவியை அடிக்கிறார். அவ்வீட்டில் பெண்களை அடிப்பதற்கென இருப்பது ‘அதபுப் பிரம்பு’. அதபு என்பது நல்லொழுக்கத்தைக் குறிக்கும் அரபுச் சொல். இலக்கியத்திற்கும் அரபியில் அதுவே பெயர். அச்சொல்லைப் பிரம்புக்குச் சூட்டியதும் கொடுமை கண்டிப்பாக மாறிவிடுகிறது. அடிபட்டவளே ஒழுக்கம் தவறியவளாகிறாள். அடித்தவனால் போகாத குடும்ப மானம், அழுதவளால் போய்விடுமாம்! நாவலின் கூர்மை இங்கேதான் உள்ளது. எனினும் கதை பெரிதும் நாற்காலியையே சுற்றி வருவதால், அப்பெண்களின் சொற்கள் நமக்குக் குறைவாகவே கிடைக்கின்றன.

ஹயா வேறு, ஆர் வேறு. ஹயா இறைவன் முன் தவறு செய்யக் கூசும் நாணம். அது ஈமானின் ஒரு கிளை. ஆர் ஊரார் என்ன சொல்வார்களோ என்னும் அச்சம். பெண் குழந்தை பிறந்த செய்தி கேட்டு, முகம் கறுத்து மக்களிடமிருந்து ஒளிந்த அறியாமைக்கால மனிதனைத் திருமறையின் 16ஆம் அத்தியாயம் கண்டிக்கிறது. ‘பிறர் குறையை மறைப்பது நன்மையல்லவா?’ எனச் சிலர் கேட்கலாம். தனிமனிதனின் சறுக்கலுக்கு அது பொருந்தும். பிற அடியாரின் உரிமை பறிக்கப்பட்ட இடத்தில் மறைப்பது அநீதிக்குத் துணைபோவதாகும்.

இது நாவலோடு முடிந்த கதையன்று. பெண்களைப் படமெடுத்து மிரட்டிய நாகர்கோவில் இளைஞன் ஒருவன் 2020இல் கைதானது, ஒரு பெண் துணிந்து புகார் கொடுத்த பின்னரே. 2023இல் அவனுக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அவனது மிரட்டலுக்கு முதலாக இருந்தது நம் சமூகங்களின் ‘ஆர்’தான்.

கணவன்மீது முறையிட்ட கவ்லா பின்த் ஸஅலபாவிடம் ‘வீட்டு விஷயத்தை வெளியே சொல்லாதே’ என்று கூறப்படவில்லை. அவருடைய வழக்கை இறைவன் செவியுற்றான் என்ற அறிவிப்புடனேயே 58ஆம் அத்தியாயம் தொடங்குகிறது; ‘வழக்காடியவள்’ என்பதே அதன் பெயராகவும் நிலைத்தது. ‘பொறுத்துப் போ, மகளே’ என்று சொல்லி அனுப்பும் நம் மஹல்லாப் பஞ்சாயத்துகள் அந்தப் பெயரையேனும் நினைவிற்கொள்ள வேண்டும்.